தாய்மாமன் சீராக வந்த காற்று

முள்ளிச்செவலில் போட்டோவிலிருந்து காற்று வர ஆரம்பித்தது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. லேடீஸ் டெய்லர் சுடலைவடிவு தன் கடைச் சுவரில் தன் போட்டோவையே மாட்டிவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் கீழே வெட்டிப் போட்டிருந்த துணித்துண்டுகளெல்லாம் எழுந்து வாசலைப் பார்த்து ஓடின. போட்டோவில் அவள் தலைக்குப் பின்னால் இருந்த வேப்ப இலைகள் அவள் முகத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன, அந்தச் சுற்றிலிருந்து சிலுசிலுவென்று காற்று வந்தது, காற்றில் வேப்பம்பூ வாசமும் இருந்தது. சுடலைவடிவு துணிகளைப் பொறுக்கி அவற்றின்மேல் ஒரு செங்கல்லை வைத்தாள், தலைக்கு மேல் ஓடிய ஃபேனை நிறுத்தினாள், விட்ட இடத்திலிருந்து தைத்தாள். மறுநாள் நாலு பேர் வந்து போட்டோ எடுத்தது யாரென்று கேட்டார்கள், அவளும் சொன்னாள்.

தவசிக்கனிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்ததுமே அது யார் எடுத்தது, எந்த லென்ஸில் எடுத்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த அந்த நிமிடத்தில் அவர் வயிற்றில் பற்றிக்கொண்ட எரிச்சல் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அணையவே இல்லை. முள்ளிச்செவல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருபத்தாறு வருடமாக கனி ஸ்டுடியோ நடத்துகிறவர் அவர். போட்டோ எடுத்தது அவருடைய மனைவி பொன்மாரியின் தம்பி குணசீலன், தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு பெட்டிக் கடையில் பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கொண்டிருந்தவன். வெளியாள் மேல் பொறாமைப்பட்டால் வாய் திறந்து திட்டியாவது ஆறிக்கொள்ளலாம். மச்சினன் மேல் பொறாமைப்பட்டால் அவன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்போது கறிக்குழம்பை அவன் இலையில் நாமே ஊற்ற வேண்டியிருக்கும்.

இரண்டு லென்ஸையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தவசிக்கனியின் லென்ஸ் ஆறு வருடம் ஆசைப்பட்டு வாங்கியது, புத்தம் புதுசு, கையில் எடுத்தால் ஒரு கைக்குழந்தையைத் தூக்குகிற கனம். கூட்டத்துக்குள் எங்கே திருப்பினாலும் தானாகவே கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். கண் இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும், பட்டுச் சேலையின் இழை விழும், மணப்பெண் எவ்வளவு பவுடர் போட்டாலும் அவள் மறைக்க நினைத்த பருவும் விழும். குணசீலனுடையது புதிதாகச் செய்ததுதான், ஆனால் பழைய காலத்து லென்ஸ்களைப் பார்த்து அதே மாதிரி செய்தது. காபி டம்ளரில் பாதி உயரம், பித்தளை வளையம், கையால் திருப்பித் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், மூன்று எடுத்தால் ஒன்று தேறும். நடுவில் முகம் மட்டும் தெளிவாக இருக்கும், ஓரமெல்லாம் மங்கும், மூலைகள் இருட்டும், வெயில் பட்டால் படம் முழுக்க மோர் கொட்டின மாதிரி வெள்ளையாகப் பரவும், பின்னால் இருக்கிற இலை தழை எல்லாம் முகத்தைச் சுற்றிச் சுழல்கிற மாதிரி விழும். லென்ஸ் செய்தவர்கள் அதைச் சுழல்கிற மாதிரி என்ற அளவோடு நிறுத்தியிருந்தார்கள். முள்ளிச்செவலில் அது சுழன்றது.

செல்போனில் பார்த்தால் காற்று வராது, பேப்பரில் பிரிண்ட் போட்டால்தான் வரும் என்று ஊர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தது. எடுத்த இடத்தின் காற்றுதான் வரும் என்பதை இரண்டாவது வாரத்தில் கண்டுபிடித்தது. கண்மாய்க் கரையில் நின்று எடுத்தவர்கள் வீட்டில் ஈர மண் வாசம் வந்தது, திருச்செந்தூரில் எடுத்தவர்கள் தினமும் காலையில் சுவரோரம் மணல் கூட்ட வேண்டியிருந்தது, பஸ் ஸ்டாண்டில் நின்று ஆசையாக எடுத்துக்கொண்ட கண்டக்டர் சவரிமுத்துவின் வீட்டில் டீசல் புகை வந்து அவர் மனைவி போட்டோவைத் தொழுவத்தில் மாட்டினாள், மாடுகள் இருமின. குற்றாலத்துக்கு ஒரு வேன் பிடித்து இருபது குடும்பம் குணசீலனையும் கூட்டிக்கொண்டு போய் வந்தது. ரேஷன் கடையில் வரிசைக்கு நேராகக் கடைக்காரரின் மாமியார் படம் மாட்டப்பட்டது. அந்த அம்மாள் ஊரில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவள், ஆனாலும் அவள் படத்தில்தான் காற்று அதிகம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தீப்பெட்டி ஆபீஸில் மட்டும் குச்சி பறக்கிறதென்று அந்தப் போட்டோக்களைத் தடை செய்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைகள் போட்டோ யார் கட்டிலைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதில் ஆரம்பித்தன. பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணின் படத்தை வாங்கியதும் முதலில் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

மூன்றாவது விஷயத்தை ஊருக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் தவசிக்கனிதான். ஃப்ரேம் போடுகிற வேலை இன்னும் அவரிடம்தான் வந்தது. தபால் ஆபீஸ் கிளார்க் கொண்டுவந்த படத்துக்கு இருபத்தாறு வருடப் பழக்கத்தில் கண்ணாடி போட்டு ஆணி அடித்தார், அடித்ததும் காற்று நின்றது. கண்ணாடியை எடுத்தார், வந்தது. அன்றிலிருந்து ஊரில் யாரும் ஃப்ரேமுக்குக் கண்ணாடி கேட்பதில்லை, அவருடைய கடையின் பின்பக்கத்தில் கண்ணாடிகள் அடுக்கியபடி கிடந்தன.

ஒருநாள் இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவதென்று அவர் கிளம்பினார். ஸ்டுடியோச் சுவரில் ஒரு முழுச் செய்தித்தாளைப் பின் குத்தி, குணசீலனைக் கூப்பிட்டு, இரண்டு லென்ஸிலும் அதே இடத்திலிருந்து எடுத்து, இரண்டு படத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு டீக்கடையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார்.

"நல்லாப் பாருங்க. மூலையில இருக்கிற வரி விளம்பரம்கூட என்னோடதுல படிக்கலாம். அவனோடதுல தலைப்பே பாதிதான் தெரியுது."

டீக்கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவருடைய படத்தில் வரி விளம்பரத்தைப் படித்தார், இன்னார் வீட்டில் எருமை விற்பனைக்கு இருக்கிறது என்று சத்தமாகவே வாசித்தார்.

"ரொம்பத் தெளிவா இருக்கு அண்ணாச்சி. ஆனா பேப்பர் படிக்கணும்னா பேப்பரையே படிச்சிருவோம்லா" என்றார்.

செய்தித்தாளுக்குப் பின்னால் சுழல எதுவும் இல்லாததால் குணசீலன் எடுத்த படத்தில் காற்று கொஞ்சம்தான் வந்தது. அந்தக் கொஞ்சத்துக்குக் கீழே ஈக்கள் வராதென்று வடைத் தட்டை நகர்த்தி வைத்தார் டீக்கடைக்காரர். தவசிக்கனி பாக்கி டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். குணசீலன் பின்னாலேயே ஓடி வந்து, "அத்தான், ஒங்க லென்ஸ்தான் லென்ஸு. இது என்னமோ விளையாட்டுச் சாமான். ரெண்டு நாளைக்கு வச்சு எடுத்துப் பாருங்களேன்" என்று நீட்டினான். அவன் அதை மனசாரச் சொன்னான் என்பது தவசிக்கனிக்கு நன்றாகவே தெரிந்தது, அதனால் இன்னும் அதிகமாக எரிந்தது. வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் மகள் வினோதாவுக்குக் கல்யாணம் முடிவாயிற்று. வேலூர் மாப்பிள்ளை, மூன்றாவது மாடி வீடு, மேற்குப் பார்த்த ஜன்னல், மொட்டை மாடி நேரே தலைக்கு மேலே. தவசிக்கனிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு போட்டோ பாக்கி இருந்தது. ஊரில் எத்தனையோ பெண்களின் கழுத்தில் தாலி ஏறுகிற நிமிடத்தை அவர் எடுத்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் தன் மகளுக்கு எடுக்கப்போகும் அந்த ஒன்றை நினைத்துக்கொண்டே எடுத்திருக்கிறார். அந்தப் பெரிய லென்ஸை வாங்கியதே அதற்காகத்தான்.

பரிசம் போட்ட அன்று சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது குணசீலன் எழுந்தான். தாய்மாமன் என்ன சீர் செய்யப்போகிறான் என்று கேட்க எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

"வேலூர் வெயிலு நம்ம பிள்ளைக்குத் தாங்காது. அதனால என் சீரு காத்து. தாலி கட்டுற நேரத்துல ஒரே ஒரு போட்டோ எடுப்பேன். அந்த மண்டபத்துக் காத்து, மல்லியப்பூ, மஞ்சள், நெய் வாசம், நம்ம சனங்க அத்தனை பேரும் விட்ட மூச்சு எல்லாம் அவ வீட்டுச் சுவத்துல இருக்கும். எத்தனை வருசமானாலும் வந்துக்கிட்டே இருக்கும்."

பொன்மாரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சம்பந்தி வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள், இதைவிடப் பெரிய சீர் வேலூர் ஜில்லாவில் யாருக்கும் வந்ததில்லை என்றார்கள். தாய்மாமன் சீரை மறுக்கிற உரிமை பெற்ற தகப்பனுக்கும் கிடையாது. தவசிக்கனி சிரித்த முகத்தோடு எழுந்து மச்சினனைக் கட்டிப்பிடித்தார், கட்டிப்பிடித்தபடியே அவன் கழுத்தில் தொங்கிய லென்ஸின் பித்தளை வளையத்தில் என்ன அளவு போட்டிருக்கிறதென்று படித்து மனப்பாடம் செய்துகொண்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு சின்ன டப்பாவோடு குணசீலனின் கடைக்குப் போனார். உள்ளே லென்ஸின் முகத்தில் திருகி மாட்டுகிற கண்ணாடி இருந்தது, தூசி தும்பு படாமல் இருக்க எல்லா போட்டோக்காரர்களும் மாட்டுவது. ஃப்ரேமுக்கு முன்னால் கண்ணாடி போட்டால் காற்று நிற்கும் என்று ஊருக்கே தெரியும், லென்ஸுக்கு முன்னால் போட்டாலும் நிற்குமென்று யோசித்தவர் அவர் ஒருவர்தான். லென்ஸே கண்ணாடிதானே என்று அவருடைய மனசாட்சி கேட்டது. உள்ளே இருக்கிற கண்ணாடிகள் அதோடு பிறந்தவை, இது வெளியிலிருந்து வருகிற கண்ணாடி என்று அதற்கும் பதில் வைத்திருந்தார். பொறாமை பிடித்தவனுக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

"அட்சதையும் பன்னீரும் பறக்கும் மாப்ள. சின்ன லென்ஸு, பாவம், ஒரு சொட்டு பட்டாலும் போச்சு" என்றார்.

குணசீலன் அதை அப்போதே மாட்டிக்கொண்டான். மாட்டிவிட்டு வளையத்தை விரலால் தடவினான். "அக்காவக் கட்டி இத்தனை வருசத்துல அத்தான் எனக்குன்னு ஒண்ணு வாங்கிக் குடுக்கிறது இதான் மொத தடவை" என்றான். தவசிக்கனி வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு நடந்தார், வழியில் இருந்த அடிபம்பில் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

மாசி மாதம் இருபத்திரண்டாம் தேதி கல்யாணம். கழுத்தில் கேமராவோடு தாரை வார்த்த தகப்பனை அந்த மண்டபம் அன்றுதான் பார்த்தது. ஐயர் சொம்பைக் கொடுக்கும்போது லென்ஸ் சொம்பில் இடித்தது. தண்ணீர் ஊற்றி முடித்த கையோடு மேடையிலிருந்து குதித்து இறங்கி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். "தகப்பன் மாதிரி மேல நில்லுய்யா" என்று பெரியவர்கள் கத்தினார்கள். கெட்டிமேளம் கொட்டியது, பெரிய லென்ஸ் மகளின் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொண்டது, அவர் மூச்சை அடக்கிக்கொண்டு வினாடிக்குப் பத்தாக எடுத்தார். குணசீலன் எங்கே நிற்கிறான் என்று அவர் பார்க்கவில்லை. எங்கோ பக்கத்தில் ஒரே ஒரு தடவை ஷட்டர் சத்தம் கேட்டது, அதோடு சரி.

மறுவீட்டு விருந்தன்று சீர்த்தட்டு வந்தது. தேங்காய் பழத்துக்கு நடுவே கண்ணாடி இல்லாத ஃப்ரேமில் போட்டோ, அதன்மேல் ஒரு மெல்லிய பட்டுத் துணி. வினோதாவைப் பார்த்தபடி தட்டைப் பிடித்துக்கொண்டு குணசீலன் நின்றான், மொத்த வீடும் மூச்சு விடாமல் நின்றது. தவசிக்கனி போட்டோவைப் பார்க்கவில்லை, துணியின் ஓரம் அசைகிறதா என்று மட்டும் பார்த்தார். அசையவில்லை. துணியை எடுத்தார்கள், அப்போதும் ஒன்றும் வரவில்லை. யாரோ ஒரு அத்தை கைவிசிறியால் ஃப்ரேமை இரண்டு தட்டுத் தட்டினாள். குணசீலனின் முகம் வியர்த்துக்கொண்டே போனது, வினோதா மட்டும் படத்தைப் பார்த்தபடி, "ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்று சொல்லி அதைத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

ஊர் இதையும் இரண்டு நாளில் செரித்துக்கொண்டது. தாலி ஏறுகிற நேரத்தில் காற்றும் கும்பிட்டு நிற்கும், அதுதான் வரவில்லை என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள். பிறகு குணசீலன் எடுத்த படங்களிலும் காற்று வராமல் போனதும், வரம் அவ்வளவுதான் என்றார்கள். பழைய படங்கள் வீசிக்கொண்டுதான் இருந்தன, அதனால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. குணசீலன் லென்ஸை ஒரு துண்டில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுப் பழையபடி பாஸ்போர்ட் சைஸுக்குத் திரும்பினான், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்தினான். கனி ஸ்டுடியோவுக்குக் கல்யாண ஆர்டர்கள் திரும்பி வந்தன. தவசிக்கனி ஜெயித்துவிட்டார், ஜெயித்தபின் கறிக்குழம்பு அவருக்கு ருசிக்கவில்லை.

கத்திரி வெயில் ஆரம்பித்த மூன்றாம் நாள் வினோதா போன் செய்தாள்.

"இங்க சுவரே சுடுதுப்பா. ஃபேன் போட்டா அடுப்புக்கு முன்னால நிக்கிற மாதிரி இருக்கு. மாமா போட்டோவ ஹாலுல மாட்டியிருக்கேன்."

"அதுல காத்துதான் வரலயே" என்றார் அவர்.

"வரல. எப்பவாச்சும் வரும்னு கண்ணாடி போடாமத்தான் வச்சிருக்கேன்."

தாலி கட்டுகிற படம் வேண்டுமென்றால் தான் எடுத்ததைப் பெரிதாக்கி அனுப்புவதாகச் சொன்னார்.

"அது ஆல்பத்துல இருக்குப்பா, இமை முடிகூட எண்ணலாம். ரெண்டாயிரம் போட்டோவையும் பாத்துட்டேன், ஒண்ணுலகூட நீங்க இல்ல. மாமா எடுத்ததுலதான் இருக்கீக. நீங்க பாக்கலையா? அது ஒங்க போட்டோதான்."

வெயில் உச்சியில் நிற்கும்போது தவசிக்கனி குணசீலன் வீட்டுக்கு நடந்தார். குணசீலன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அவரைப் பார்த்ததும் எச்சில் கையோடு எழுந்தான்.

"என்னைய எதுக்குடா எடுத்த? தாலி கட்டுறத எடுக்கேன்னுதானே சொன்ன?"

"தாலி கட்டுற நேரத்துலன்னுதான் சொன்னேன் அத்தான். தாலி கட்டுறத நீங்க எடுப்பீக. ஒங்களை யாரு எடுப்பா? அவ வீட்டுக்கு அவ அப்பா வேண்டாமா?"

தவசிக்கனி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைப் பற்றி, எதற்காக வாங்கினார் என்பதைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னார். தன்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொல்கிறவரைக் குணசீலன் கை காயும் வரை நின்று கேட்டான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, பானையிலிருந்து லென்ஸை எடுத்துத் துண்டைப் பிரித்தான்.

"கழட்டிப் பாக்கணும்னு எனக்கும் தோணுச்சு. நீங்க குடுத்ததுன்னு மனசு வரல" என்று மட்டும் சொன்னான். அவன் திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தில் புகைபோல ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. காதில் வைத்தால் உள்ளே மேளச் சத்தம் தேய்ந்து கேட்டது. இங்கே திறக்கக் கூடாதென்று இருவருக்கும் சொல்லாமலே புரிந்தது. அடுத்த நாள் காலை பஸ்ஸில் ஏறினார்கள், லென்ஸ் வேலூர் வரைக்கும் தவசிக்கனியின் மடியில் துண்டுக்குள் இருந்தது, ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அவர் அதை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். குணசீலன் ஜன்னலோரம் தூங்கினான்.

வினோதாவின் வீட்டில் ஹால் சுவர் நிஜமாகவே சுட்டது. வளையம் இறுகிப்போய்த் திரும்ப மறுத்தது. தவசிக்கனி ஒரு ரப்பர் பேண்டை வாங்கி வளையத்தைச் சுற்றிப் போட்டு, அதன்மேல் விரல்களை வைத்து, இருபத்தாறு வருடத் தொழில் பக்குவத்தோடு மெல்லத் திருப்பினார். கண்ணாடி கழன்று வந்தது. மாசி இருபத்திரண்டாம் தேதியின் காற்று வெளியே வந்தது, மல்லிகையோடு, மஞ்சளோடு, நெய்யோடு, பன்னீரோடு, நானூறு பேர் மூச்சோடு வந்தது, காலண்டரைப் புரட்டியது, திரைச்சீலைகளை ஜன்னலுக்கு வெளியே தள்ளியது, வினோதாவின் தலைமுடியைக் கலைத்தது, ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராகச் சுவரில் இருந்த போட்டோவுக்குள் போயிற்று.

அப்போதுதான் தவசிக்கனி அந்தப் போட்டோவை முதல் தடவையாகப் பார்த்தார். மூலைகள் இருட்டு, ஓரமெல்லாம் மங்கல், குத்துவிளக்கின் வெளிச்சம் பாதிப் படத்தில் பரவிக் கிடந்தது. நடுவில் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு ஆள் முட்டி ஊன்றி உட்கார்ந்திருந்தார். பெரிய லென்ஸ் அவர் முகத்தில் பாதியை மறைத்திருந்தது, மறைக்காத பாதியில் கண் இறுக மூடியிருந்தது, மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்திருந்தது. தான் அழுதது தவசிக்கனிக்கே தெரியாது. அவரைச் சுற்றி மண்டபத்துத் தோரணமும் பூவும் மெல்லச் சுழல ஆரம்பித்தன, காற்று சீராக வரத் தொடங்கியது, அதில் முதலில் வந்தது பீரோவில் இருந்து எடுத்த அவருடைய பட்டுச் சட்டையின் பாச்சை உருண்டை வாசம், அடுத்து அவருடைய தலைக்கு வைக்கிற எண்ணெய்.

வினோதா படத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா வாசம்" என்றாள்.

பக்கத்திலேயேதான் அப்பா நின்றார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. குணசீலன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பையை எடுத்தான், தவசிக்கனியும் எடுத்தார், வாசல் வரைக்கும் போனவர் நின்று சுவரைத் திரும்பிப் பார்த்தார். முகம் பாதி மறைந்த அந்த ஆளுக்கு முள்ளிச்செவலுக்குப் பஸ் பிடிக்க வேண்டியதில்லை, மகளுக்கு எதிரே எத்தனை வருடம் வேண்டுமானாலும் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கலாம். தவசிக்கனிக்கு வயிறு எரிந்தது.